உப்புக்காற்றில் இரும்பு: கடற்கரை வீட்டுக்கு மெழுகுவர்த்தித் தாங்கியும் அடுப்படிச் சாமானும்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம் வழியாகக் கீழக்கரை, சாயல்குடி வரைக்கும் ராமநாதபுரம் மாவட்டக் கரையோரத்தில் புது வீடு கட்டுகிறவர்களும், தோப்புக்குள் நாலு அறை போட்டு விருந்தினர் விடுதி நடத்துகிறவர்களும் இப்போது கேட்கிற ஒன்று, சம்மட்டியால் அடித்துச் செய்த இரும்பு மெழுகுவர்த்தித் தாங்கி. கூடவே அடுப்பங்கரைக்கு முக்காலி, இடுக்கி, கொக்கி வரிசை. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், சிவப்பு ஆக்சைடு தரை, பக்கத்தில் கறுப்பு இரும்பு என்றால் எடுப்பாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆசைப்படுகிறவர்கள் பார்த்த படங்களில் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகள். அங்கே சுவருக்குள் கணப்பு அடுப்பு இருக்கும், ஜன்னல் மூடியிருக்கும், மின்விசிறி இருக்காது, காற்றில் உப்பும் இருக்காது. நம் வீட்டில் எல்லாமே நேர்மாறு.

அதனால் வடிவம், சுருள், வேலைப்பாடு எல்லாவற்றையும் பிறகு பார்க்கலாம். முதலில் துருவைப் பற்றி யோசித்துவிட்டுத்தான் இந்த ஊரில் இரும்பு வாங்க வேண்டும். இந்த வரிசையில் போனால் செலவும் குறையும்.

முதலில்: கையில் இருப்பது என்ன இரும்பு?

கடைக்காரர் எதைக் காட்டினாலும் "ராட் அயர்ன்" என்பார். உண்மையான ராட் அயர்ன், அதாவது தேனிரும்பு, கரி (கார்பன்) மிகக் குறைவாகவும் கசடு நார் நாராக ஊடுருவியும் இருக்கிற பழைய வகை இரும்பு. 1784-இல் ஹென்றி கார்ட் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிய கிளறு உலை முறையில்தான் அது பெருமளவில் உற்பத்தியானது. எஃகு மலிவானதும் அந்தத் தொழில் தேய்ந்து, 1970-களில் வணிக உற்பத்தி நின்றே போனது. இன்று நீங்கள் வாங்கப்போவது அநேகமாக மைல்ட் ஸ்டீல் எனும் சாதாரண எஃகு, கடை வழக்கில் எம்.எஸ். அதைப் பழுக்கக் காய்ச்சிக் கையால் அடித்திருந்தால் அதுவும் நல்ல சாமான்தான். தேனிரும்பு என்று சொல்லி விலையை ஏற்றினால் மட்டும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வார்ப்பிரும்பு வேறு. அது அச்சில் ஊற்றியது. கீழே விழுந்தால் உடையும், அடித்து வளைக்க முடியாது. அச்சின் கோடு ஓரத்தில் மெல்லிய வரம்பாகத் தெரியும்.

கையால் அடித்ததா, இயந்திரத்தில் முறுக்கியதா என்று பார்க்கக் கம்பியின் நுனியைப் பாருங்கள். அடித்த கம்பி நுனிக்குப் போகப் போக ஒடுங்கிக்கொண்டே வரும். முறுக்கி வெட்டிய கம்பி கடைசி வரை ஒரே தடிமனில் இருந்து சட்டென்று முடியும். சுத்தியல் தடங்கள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அச்சுப் போட்ட மாதிரி வரிசையாக ஒரே அளவில் குழிகள் இருந்தால், அது அச்சுப் போட்டதேதான்.

இரண்டு எச்சரிக்கைகள். படகுத்துறைப் பக்கம் பழைய சங்கிலி, நங்கூரக் கொக்கி என்று கடலில் பல காலம் கிடந்த இரும்பு எடைக்குக் கிடைக்கும். பார்க்க அழகுதான். ஆனால் உப்பு அதன் துருவுக்குள் ஊறிப் போயிருக்கும். கழுவிக் காயவைத்து மெழுகு பூசினாலும் உள்ளேயிருந்து செதில் செதிலாக உரிந்துகொண்டே வரும். கடலுக்கடியில் எடுத்த இரும்பை அருங்காட்சியகங்களில் காரக் கரைசலில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஊறவைத்து உப்பை இறக்குகிறார்கள். வீட்டில் அது நடக்காது. இன்னொன்று, பழைய பெயின்ட் அடித்த சாமான்களை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அந்தக்காலப் பெயின்டில் ஈயம் இருக்கும், தூசி குழந்தைகளுக்கு ஆகாது.

வீட்டைச் சுற்றி ஒரு நடை

பட்டறைக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளைச் சுற்றிப் பாருங்கள். புது வீடாக இருந்தால் பக்கத்து வீட்டுக் கம்பிகளை. எந்தப் பக்கம் அதிகமாகத் துருவேறி இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் உப்பு வருகிறது. இதைவிடத் துல்லியமான கருவி தேவையில்லை.

காரணம் எளிது. கடலில் அலை உடையும்போது தெறிக்கிற நுண்துளிகளைக் காற்று சுமந்து வருகிறது. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்தான் பெரும்பாலான உப்பு படியும். உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். படிந்த உப்பு சும்மா இருக்காது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்து நீராகக் கசியும். கடலோரத்தில் இரவில் அந்த ஈரப்பதம் சர்வ சாதாரணம். மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் இரும்பு இரவெல்லாம் உப்புநீரில் நனைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மண்டபம், ராமேசுவரம் பக்கம் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் எனும் தென்மேற்குக் காற்று அடிக்கிற கோடை மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும், வடக்குக் கடல் அமைதியாக இருக்கும். ஐப்பசி பிறந்து வாடை எழும்பினால் அப்படியே மாறிவிடும். ஆகவே தெற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் திறந்தவெளியில் இரும்பு மாட்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு பக்கம் அடிவாங்கும். திருப்புல்லாணி, உச்சிப்புளி போலச் சற்று உள்ளே தள்ளி, சுற்றிலும் தென்னையும் பனையும் நிற்கிற வீடு என்றால் பிழைத்தீர்கள்.

நடந்து முடித்ததும் வீட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். காற்று நேரே படாத உள்ளறைகள். கூரை இருந்தும் காற்று புகும் திண்ணை, வராந்தா. முழுக்கத் திறந்த முற்றம், மொட்டைமாடி. இந்த மூன்றுக்கும் மூன்று வகைப் பூச்சு. ஒரே சாமானை இங்கிருந்து அங்கே மாற்றி மாற்றி வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

அளவு எடுத்துக்கொண்டு போங்கள்

எந்த மெழுகுவர்த்தியை ஏற்றப்போகிறீர்களோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் வர்த்திகள் ஒன்றுக்கொன்று தடிமனில் மாறுபடும். வெளிநாட்டு வகை ஒல்லியான நீள வர்த்தியின் அடிப்பாகம் சுமார் 22 மில்லிமீட்டர். அலுமினியக் கிண்ணத்தில் வரும் சின்ன டீலைட் சுமார் 38, 39 மில்லிமீட்டர். கிண்ணத்தின் உள்ளளவை இதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட்டிச் சொல்ல வேண்டும், பூச்சுக்கும் இடம் வேண்டுமே.

நீள வர்த்தியை இந்த ஊருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாரபின் மெழுகு உருகுவது வகையைப் பொறுத்து 46 டிகிரி செல்சியஸிலிருந்து 68 வரை. உருகுவதற்கு வெகு முன்பே இளகும். சித்திரை வெயிலில் பூட்டிக் கிடக்கிற அறையில் நிறுத்திவைத்த நீள வர்த்தி, சாயங்காலம் வந்து பார்த்தால் தலை குனிந்து நிற்கும். குட்டையும் தடியுமான வர்த்தியே நமக்குச் சரி. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். விலை அதிகம், ஆனால் நிமிர்ந்து நிற்கும். எதுவானாலும் பகலில் அலமாரியின் கீழ்த்தட்டில் படுக்கவைத்துவிட்டு மாலையில் எடுத்து நிறுத்துவது நல்லது.

தடி வர்த்திக்கு அடியில் முள் வைத்த தாங்கி பொருத்தம், குத்தி நிறுத்திவிடலாம். முள்ளுக்குக் கீழே மெழுகு சொட்ட ஒரு தட்டு கட்டாயம். அந்தத் தட்டின் விளிம்பு சற்று மேல் நோக்கி மடங்கியிருக்க வேண்டும். படத்தில் தட்டையாக இருப்பது அழகாகத் தெரியும், தரையைத் துடைக்கிறவருக்குத்தான் தெரியும் சங்கதி.

நிற்கும் தாங்கிக்கு மூன்று கால் போதும். மூன்று கால் மேடு பள்ளத் தரையிலும் ஆடாது. கால்கள் விரியும் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. குழந்தைகளோ பூனையோ உள்ள வீட்டில் பாதி வரை போகலாம்.

எடையை நீங்களே கணக்குப் போடலாம். கொத்தனாருக்குத் தெரிந்த அதே வாய்ப்பாடுதான்: உருட்டுக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு சுமார் 0.89 கிலோ. ஒன்றரை மீட்டர் பிடிக்கிற மேசைத் தாங்கி ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். இரும்பின் விலை இதில் பெரிதாக இருக்காது. நீங்கள் கொடுப்பது கைவேலைக்கு. அதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசினால் இருவருக்கும் மனக்கசப்பு வராது.

பட்டறையில் பேசவேண்டியது

இந்தப் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் அன்றாடம் நடப்பது கதிர் அரிவாள், மண்வெட்டி, பனையேறிகளின் பாளை அரிவாள் வேலை. மெழுகுவர்த்தித் தாங்கி அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம், ஆனால் கம்பியை ஒடுக்குவதும் சுருட்டுவதும் கொக்கி வளைப்பதும் தண்ணீர்பட்ட பாடு. உலையில் எரிவது பல இடங்களில் சீமைக் கருவேலங் கரி. முதுகுளத்தூர், கமுதி பக்கம் மூட்டம் போட்டு எடுப்பது. வயலைப் பாழாக்கிய மரம், உலைக்கு மட்டும் உபகாரம் செய்கிறது.

படத்தைக் காட்டுவது தவறில்லை. அதைவிட, அட்டையில் முழு அளவில் வெட்டிக் கொண்டுபோனால் ஆசாரி உடனே பிடித்துக்கொள்வார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கைவேலை இரும்பை ரசிக்கிறவர்கள் வெல்டிங்கை மட்டமாகப் பேசுவார்கள். கம்பிகளைச் சேர்த்து மேலே பூண் மாட்டி இறுக்கியது, ரிவெட் அடித்தது இவைதான் உசத்தி என்பார்கள். மதுரையிலோ கோவையிலோ அது சரி. கடற்கரைக்கு அது பொருந்தாது. பூணுக்கும் கம்பிக்கும் நடுவே மயிரிழை இடுக்கு இருக்கும். உப்புநீர் அதற்குள் புகுந்தால் வெளியே வராது, காயாது, பெயின்ட் பிரஷும் அங்கே எட்டாது. துரு உள்ளுக்குள் பருத்து, பூணையே பிளந்துவிடும்.

இதற்குச் சாட்சி நம் வாசலிலேயே நிற்கிறது. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் ரிவெட் அடித்து இணைத்தது. அதைத் துருவிலிருந்து காப்பதே ஓயாத வேலையாக இருந்தது. 2022 டிசம்பரில் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதுப் பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்து, கான்கிரீட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, பாலிசிலாக்சேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். பாலம் கட்டியவர்கள் எடுத்த முடிவை மேசைத் தாங்கிக்கு எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆகவே திண்ணைக்கும் முற்றத்துக்கும் செய்யும் சாமானில் இணைப்பு எல்லாம் சுற்றிலும் மூடிய வெல்டிங்காக இருக்கட்டும். "ஆசாரியண்ணே, புள்ளி புள்ளியா வைக்க வேணாம், சுத்தி முழுசா ஓட்டிருங்க, தண்ணி பூராத மாதிரி" என்று சொன்னால் போதும். பூண் போட்ட வேலைப்பாடு கண்ணுக்கு வேண்டுமென்றால் உள்ளறைக்குச் செய்துகொள்ளுங்கள். கம்பியைக் கம்பியாலேயே முறுக்கிப் பின்னுகிற அலங்காரமும் இதே கணக்கில்தான் சேரும். தட்டுகளில் தண்ணீர் தேங்காமல் வடிய ஒரு சின்னத் துளை இருந்தால் முற்றத்துக்கு நல்லது. மெழுகு அதை அடைக்கும் என்பதால் ஓரத்தில் கேளுங்கள்.

பூச்சு: பாதி வேலை இதில்தான்

உலையிலிருந்து வரும்போது இரும்பின் மேல் சாம்பல் கலந்த கறுப்புச் செதில் ஒன்று படிந்திருக்கும். பார்க்க அருமையான நிறம். இதுவே பூச்சு என்று நினைத்து அப்படியே மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. அந்தச் செதில் விரிசல் விட்ட இடத்தில் உப்பீரம் புகுந்தால், செதில் மூடிய பகுதி தப்பித்துக்கொண்டு விரிசலுக்கு அடியில் உள்ள இரும்பு மட்டும் குழி குழியாக அரிக்கும். பெயின்ட் அடிக்கப்போகும் சாமானில் செதிலை முழுக்க எடுக்க வேண்டும். மெழுகு பூசுவதில், தளர்ந்ததை மட்டும் கம்பி பிரஷால் எடுத்துவிட்டு இறுகியதை விடலாம்.

உள்ளறைச் சாமானுக்கு மெழுகே போதும், அதுதான் இரும்பின் நிறத்தையும் காட்டும். தேன்மெழுகைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயோடு சேர்த்து இளக்கிக்கொள்ளுங்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து. நேரே தீயில் வேண்டாம். சாமானைத் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும் அளவுக்குச் சூடாக்கி, தீயைவிட்டுத் தள்ளி வந்து, துணியால் மெல்லிசாகப் பூச வேண்டும். மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். தடிமனாகப் பூசினால் பிசுபிசுத்து, சுற்றுப்புறத்து மணலெல்லாம் ஒட்டும். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கிப் போடுங்கள்.

திண்ணைச் சாமானுக்குப் பெயின்ட். வரிசை இது:

1. செதில், துரு எல்லாவற்றையும் கம்பி பிரஷ், 80-ஆம் நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வெளுப்பான இரும்பு தெரியும்வரை எடுங்கள்.
2. நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இங்கே கவனம் வேண்டும்: இந்த மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் கழுவுவது உப்பைக் கழுவி உப்பை ஏற்றுவது. காவிரிக் கூட்டுக் குடிநீரோ மழைத்தண்ணீரோ ஒரு குடம் இதற்குச் செலவழிக்கலாம்.
3. வெயிலிலோ அடுப்புச் சூட்டிலோ உடனே காயவைத்து, அன்றே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள் பிரைமர் அடியுங்கள். இரவு ஒன்று தாண்டினால் மஞ்சள் படலம் வந்துவிடும், திரும்பவும் தேய்க்க வேண்டியதுதான்.
4. ஹார்டுவேர் கடையில் பழக்கத்தில் எடுத்துத் தருகிற ரெட் ஆக்சைடு மட்டும் கடலோரத்துக்குப் போதாது. துத்தநாகம் கலந்த எபாக்ஸி பிரைமர் கேளுங்கள். விளிம்புகளிலும் வெல்டிங் கோட்டிலும் முதலில் ஒரு கை தனியாக இழுத்துவிட்டு, பிறகு முழுசாக அடியுங்கள். பெயின்ட் காயும்போது விளிம்பிலிருந்து பின்வாங்கும். துரு எப்போதும் அங்கேதான் தொடங்கும்.
5. மேலே மங்கல் கறுப்பு இரண்டு கை. பளபளப்புக் கறுப்பு, அடித்த தடங்களை மறைத்து பிளாஸ்டிக் மாதிரி காட்டும்.

முற்றத்தில் நிரந்தரமாக நிற்கப்போகும் பெரிய சாமானுக்கு, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் முலாம்தான் நெடுநாள் வரும். அந்தத் தொட்டி 450 டிகிரி சூட்டில் இருக்கும் என்பதால், குழாய் வைத்துச் செய்த சாமானில் காற்று வெளியேற ஓட்டை இல்லையென்றால் வெடிக்கும். செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். முலாம் போட்டதை அடுப்புக்கோ கரிக்கோ கிட்டே கொண்டுபோகக் கூடாது. துத்தநாகப் புகை உடம்புக்குக் கெடுதல்.

ஏற்கெனவே துரு ஏறிய பழைய சாமான் கைவசம் இருந்தால் நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கிக்கொள்ளுங்கள். கொட்டை நீக்கிய தோலை இடித்துக் கொதிக்கவைத்து, அந்தக் கஷாயத்தை, உதிரும் துருவைத் தேய்த்து எடுத்த பிறகு மேலே பூசினால் மீதித் துரு நீலங்கலந்த கறுப்பாக மாறும். கடுக்காயிலுள்ள துவர்ப்பும் துருவும் சேர்ந்து செய்கிற வேலை. கலம்காரித் துணிக்குக் கறுப்பு ஏற்றுவதிலும் இதே இரண்டும்தான் சேர்கின்றன. நிறம் அபாரமாக இருக்கும். காய்ந்ததும் மேலே மெழுகு பூசியே தீர வேண்டும், கஷாயம் மட்டும் உப்பைத் தாங்காது.

எங்கே வைப்பது

இரண்டு இடங்களை முதலிலேயே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஒன்று, ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே. சுடர் அலைபாயும், மெழுகு ஒரு பக்கமாக வழியும், புகை அடிக்கும். இந்த ஊரில் விசிறி இல்லாமல் உட்கார முடியாது என்பதால் மெழுகுவர்த்திக்கு ஹாலைவிட நடை, மாடிப்படித் திருப்பம், குளியலறை மாடம் போன்ற இடங்கள்தான் வாய்க்கும். இரண்டாவது, ஓலைக்கூரைக்கு அடியில். விடுதிகளில் அழகுக்காகப் பனையோலை வேய்ந்த குடில்கள் போட்டிருக்கிறார்கள். கோடையில் காய்ந்த ஓலை, பக்கத்தில் கடற்காற்று, நடுவில் திறந்த சுடர்: வேண்டவே வேண்டாம். அங்கே தாங்கியில் பேட்டரி வர்த்தியை வையுங்கள். ரசனைக் குறைவு என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

மற்ற இடங்களில் எரிகிற எதுவும் சுடரிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கக் கூடாது. திரைச்சீலை காற்றில் எவ்வளவு தூரம் வீசுகிறது என்று பார்த்து அதற்கப்புறம் ஒரு அடி. வர்த்திக்கும் வர்த்திக்கும் இடையே நாலு விரற்கடை. திரியை ஏற்றும் முன் கால் அங்குலத்துக்கு வெட்டிவிட்டால் கரி கக்காது. கூடத்தில் எல்லாரும் எழுந்து போகும்போது அணைத்துவிட்டுப் போவது, சொல்லத் தேவையில்லை.

திண்ணையில் சுடர் நிற்க வேண்டுமென்றால் கண்ணாடிச் சிம்னி தேவை. அரிக்கேன் விளக்குச் சிம்னியே பொருந்தும்படி தாங்கியின் வளையத்தைச் செய்யச் சொல்லலாம். உடைந்தால் மாற்றுச் சிம்னி எளிதாகக் கிடைக்கும். அடியில் காற்று போக இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் சுடர் மூச்சுத் திணறி அணையும். சிம்னிக்குள் அழகுக்கு மணல் நிரப்புகிறவர்கள் கடற்கரை மணலை நேரே கொட்டாதீர்கள். நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்தது என்றால் சரி. பவளப்பாறைத் துண்டுகளை எடுத்துவந்து பக்கத்தில் அடுக்கும் ஆசையும் வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் பவளம் பாதுகாக்கப்பட்டது, கரையில் ஒதுங்கிய செத்த துண்டு என்று சமாதானம் சொல்ல முடியாது.

சுவரில் மாட்டும் தாங்கிக்கு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) திருகாணி போடுங்கள், கிடைத்தால் 316 தரம். பெரிய இரும்பில் சின்ன எஸ்.எஸ். ஆணி இருந்தால் பாதகமில்லை, மறுபக்கமாக, எஸ்.எஸ். தகட்டில் இரும்பு ஆணி அடித்தால் ஆணி சீக்கிரம் அரித்துப் போகும். ஆணித் தலைக்கு அடியில் ஒரு வாஷரும் சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளியும் விட்டால், ஈரம் அங்கே தேங்காது, வெள்ளைச் சுவரில் துருக்கோடும் வழியாது. தரையில் நிற்பவற்றின் கால்களுக்கு சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் போதும்.

பூஜை அறையைப் பற்றி ஒரு வார்த்தை. பல வீடுகளில் சாமிக்கு முன் இரும்பில் விளக்கேற்ற மாட்டார்கள். பித்தளை, வெள்ளி, மண் அகல்தான். வீட்டுப் பெரியவர்களைக் கேட்காமல் அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள். கார்த்திகைக்கு வாசலில் அகலைத் தாங்குகிற இரும்புத் தண்டுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

எத்தனை வைக்கலாம் என்றால், ஓர் அறைக்கு ஒன்று. அதற்கு மேல் போனால் கண்காட்சி. கறுப்பு இரும்பு கனமான நிறம். பின்னால் வெற்றுச் சுவர் இருந்தால்தான் சுருளின் கோடு தெரியும்.

அடுப்படிச் சாமான்

கணப்பு அடுப்பு நமக்கில்லை, அதற்குரிய கம்பி வேலி, விறகுத் தாங்கி எல்லாம் வாங்கி வைப்பதில் அர்த்தமுமில்லை. ஆனால் கொல்லைப்புறத்தில் மீன் வறுக்கவும் கறிக்குழம்பு வைக்கவும் விறகடுப்பு வைத்திருக்கிற வீடுகள் இன்னும் நிறைய. அந்த மூலைதான் இரும்புக்கு உரிய இடம். முக்காலி, கும்மட்டி அடுப்பு, நீளக் கைப்பிடி இடுக்கி, தணல் அள்ளும் கரண்டி, ஊதுகுழல், இவற்றை மாட்ட ஒரு கொக்கி வரிசை. 25 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் ஐந்தாறு கொக்கி வெல்டிங் வைத்துச் சுவரில் அறைந்தால் அடுப்படியே தனிக் களை பெறும்.

இதில் ஒன்றுக்கும் பெயின்ட் கூடாது. சூட்டில் பொரிந்து நாறும். தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி எண்ணெய் தடவிச் சுடவைத்துச் சுடவைத்துக் கறுப்பேற்ற வேண்டும். அப்புறம் அன்றாடம் புழங்குவதே பராமரிப்பு. தினம் தீயில் படுகிற முக்காலி துருப்பிடித்து நான் பார்த்ததில்லை; அலங்காரத்துக்கென்று சும்மா சாத்திவைத்த முக்காலி ஒரு வாடைக்கே செம்மண் நிறத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் அடுப்படியில் பயன்படாத சாமானை அழகுக்காக வாங்காதீர்கள் என்பதே என் யோசனை.

கும்மட்டியை மழைநாளில் குளிருக்கு என்று அறைக்குள் இழுத்து வைக்கக் கூடாது. கரி எரிகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை, மூடிய அறையில் ஆளையே கொல்லும்.

வருடத்துக்குள் செய்யவேண்டியவை

வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் தூசி தட்டினால் உள்ளறைச் சாமானுக்குப் போதும். திண்ணையில் உள்ளதை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்துங்கள். உப்பைத் தேங்கவிடாமல் எடுப்பதுதான் நோக்கம். ஒட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்டினால் பூச்சும் சேர்ந்து வரும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்தால் இளகி வந்துவிடும். அந்த வெந்நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் மெழுகு உறைந்து அடைக்கும்.

பூச்சில் ஒரு புள்ளி துரு தெரிந்தாலும் அந்த வாரமே அதைச் சுற்றித் தேய்த்துப் பிரைமர் வையுங்கள். புள்ளி பெயின்டுக்கு அடியில் வேர்விட்டுப் பரவிய பிறகு முழுச் சாமானையும் உரிக்க வேண்டி வரும். மெழுகு பூசியதற்கு வருடத்தில் இரண்டு முறை மறுபூச்சு: கச்சான் எழும்பும் முன் ஒன்று, வாடைக்கு முன் ஒன்று. புயல் எச்சரிக்கை வந்தால் தொங்குவதையும் மாடியில் நிற்பதையும் முதலில் உள்ளே எடுங்கள். இரண்டு கிலோ இரும்பு காற்றில் கிளம்பினால் கண்ணாடி தாங்காது.

புதிதாகச் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஆவணி ஒட்டிய நாட்கள் தோது. பனை சீசன் முடிந்து பாளை அரிவாள் வேலை குறைந்திருக்கும், தை அறுவடைக்கான கதிர் அரிவாள் நெரிசல் இன்னும் தொடங்கியிருக்காது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கோ கார்த்திகைக்கோ சாமான் வேண்டுமென்றாலும் அப்போதே சொல்லிவிடுவதுதான் சரி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆசாரி அடித்துக் கொடுத்தாலும் பிரைமர் காயாது.